வரைபடத்து யானையும் மலையகத்துச் சிறுத்தையும்

நோர்வூட்டில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரில் பழைய நிலப்படம் ஒன்றின் நகல் தொங்குகிறது. அண்மையில் அங்கு சென்றிருந்தபோது தேநீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செபஸ்தியன் மூன்ஸ்டர் என்ற ஜெர்மானியர் 16ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட 'தப்ரபேன்' தீவின் படம் அது. ஒரு மூலையில் மிகப் பெரிய யானையொன்று நிற்கிறது.

மூன்ஸ்டர் இலங்கையைக் கண்டவரல்லர். அவர் பின்பற்றிய, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் தொலமியும் இங்கு வந்தவரல்லர். மாலுமிகளும் வணிகர்களும் சொன்னவற்றைக் கொண்டு எழுதிய தொலமி, தீவைப் பல மடங்கு பெருப்பித்துவிட்டார். ஆயினும் ஒரு குறிப்பை அவர் விட்டுச்சென்றார். 'மலேயா' என்னும் மலைக்குக் கீழே கடல் வரையில் யானைகளின் மேய்ச்சல் நிலம் உண்டு என்பதே அது. மலேயா என்பது நமது மத்திய மலைநாடே என்பர் அறிஞர். அப்படியாயின், நண்பர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே தெரியும் மலைத்தொடர் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏறியிருக்கிறது, யானைகளின் பெயரால்.

தொலமி இத்தீவில் புலியும் உண்டு என்றார். வரலாற்றுக் காலத்தில் இலங்கைக் காடுகளில் வரிப்புலி இருந்ததில்லை, இங்குள்ளது சிறுத்தையே. ஆனால் தோட்டத்து மக்கள் இன்றும் சிறுத்தையைப் 'புலி' என்றுதான் சொல்கிறார்கள். யார் யாரிடம் கேட்டு எழுதினார்களோ என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ரோமரான பிளினியோ, இங்குள்ள ஆமையின் ஓடு ஒரு குடும்பம் குடியிருக்கக் கூரையாகும் அளவுக்குப் பெரியது என்று எழுதினார். தகரம் ஒழுகும் லயன் அறையில் வாழும் ஒருவர் இதைப் படித்தால் அந்த ஆமையை எங்கே பிடிக்கலாம் என்று கேட்கக்கூடும்.

மூன்ஸ்டரின் நூலின் 1588ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னொரு வேடிக்கை நிகழ்ந்தது. பண்டையோர் தப்ரபேன் என்றது சுமாத்திராவையே என்று படத்தின் தலைப்பு கூறியது. தீவின் பெயர் மாறியது. யானை மட்டும் அசையவில்லை. வரைந்தவருக்கு யானையைப் பற்றி இருந்த உறுதி நாட்டைப் பற்றி இருக்கவில்லை. ஊர்களை அறியாத புவியியலாளர் அந்த இடங்களை யானைகளால் நிரப்புவதை ஆங்கில எழுத்தாளர் ஜொனதன் ஸ்விப்ற் 1733இல் கேலி செய்தார். அவர் சொன்னது ஆபிரிக்காவைப் பற்றி. நமக்கும் அது பொருந்தும்.

பின்னர் வந்த ஆங்கிலேயர் மலைகளை முறையாக அளந்தனர். அவர்களது படங்களில் யானை இல்லை. காட்டிலும் அது இல்லாமற் போனது. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவரது கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. காடுகள் கோப்பியாகின, கோப்பி தேயிலையானது. யானை நின்ற இடத்தைத் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களும் ஏக்கர்க் கணக்கும் பிடித்துக்கொண்டன. அந்த ஏக்கர்களைத் தேயிலையாக்கிய நம் மக்கள் எந்தப் படத்திலும் இல்லை. இன்றும் பல லயன்களுக்கு இலக்கமும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்கிறது.

அறியாதவர் வரைந்த படத்தில் இல்லாத விலங்குகள் இருந்தன. அளந்தவர் வரைந்த படத்தில் இருக்கின்ற விலங்குகளும் இல்லை, மனிதரும் இல்லை. இவற்றுள் எது பெரிய பிழை? என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். மூன்ஸ்டரின் யானையால் எவருக்கும் கேடு நேரவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டுவதும், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுவதும் இங்கு ஓயாத செய்திகள். 2020 மே மாதத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் சிக்கியது. மீட்டெடுத்தும் சில நாட்களில் இறந்தது.

இங்கே என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தி மேசையில் இருந்த காலத்தில் 'குளவி கொட்டி அறுவர் வைத்தியசாலையில்' என்ற செய்திகளை மூன்று வரிகளாக வெட்டி உட்பக்கத்து மூலையில் போட்டவன் நான். எந்த மலை, எந்த மரம், சென்ற மாதமும் அதே இடமா என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. பத்திரிகையும் ஒரு வரைபடந்தான். அதில் நானும் வெற்றிடங்களை விட்டிருக்கிறேன்.

அந்த விடைகள் தொழிலாளரிடம் இருக்கின்றன. எந்த ஓடையோரம் சிறுத்தை இறங்கும், எந்த மரத்தில் கூடு இருக்கிறது, எங்கே சுருக்குக் கட்டுவார்கள் என்பதெல்லாம் கொழுந்துக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு படம் வரையப்பட வேண்டும். லயன்களுக்கு இலக்கமிட்டு, மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும் எழுதி, காலையில் வேலை பிரிக்கும் இடத்தில் அதைத் தொங்கவிட வேண்டும். குளவிக்கூடு உள்ள மலைக்கு அன்று ஆள் அனுப்பாதிருக்க அது போதும். சிறுத்தையின் பாதையைக் குறித்தால் வேட்டைக்காரனுக்கு உதவாதா என்று நண்பர் கேட்டார். நியாயமான அச்சம். ஆனால் சுருக்கு வைப்பவனுக்கு அந்தப் பாதை ஏற்கனவே தெரியும். தெரியாதிருப்பவர்கள் காக்க வேண்டியவர்களே.

இதற்குப் பெருஞ்செலவில்லை. ஒரு பெரிய தாளும், கேட்டு எழுதும் பொறுமையும் வேண்டும். தன் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே தொடங்கலாம் என்கிறார் நண்பர். தொடங்கட்டும். அடுத்த முறை செல்லும்போது மூன்ஸ்டரின் யானைக்குப் பக்கத்தில் அந்தப் படத்தையும் பார்க்க ஆசை.