சடுகுடுவும் சிப்பிப்பாறையும்: பெருமிதத்துக்கு எதிராகச் சில சொற்கள்

கபடியைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் மெல்லப் புன்னகைத்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். விளையாட்டு என்பது அவர்களைப் பொறுத்தவரை சிந்திக்கத் தெரியாதவர்களின் பொழுதுபோக்கு. இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது நம் சூழலில் அரிய பண்பு. இன்னொரு சாரார் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். 'கை-பிடி'தான் கபடி ஆயிற்று, ஆகவே அது தமிழனின் ஆட்டம் என்று அறிவித்துவிட்டுத் திருப்தியோடு தேநீர்க் குவளையை எடுத்துக்கொள்வார்கள். அதோடு கபடி முடிந்தது. பாடிப் போகிறவர் எந்தக் கோட்டைக் கடந்து திரும்பினால் அவர் பாட்டு செல்லும் என்று கேட்டால் விழிப்பார்கள். நாய் விஷயத்திலும் இதே கதைதான். சிப்பிப்பாறை என்று வாயெடுத்ததும் பாளையக்காரர், போர், விசுவாசம், மண்ணின் மரபு என்று வரிசையாகச் சொற்கள் வந்து விழும். அந்த நாய் ஓடி அவர்கள் ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் இந்த இரண்டையும் விரும்புகிறவன். விளையாட்டுகளில் கபடிக்கும் நாய்களில் சிப்பிப்பாறைக்கும் என் மனத்தில் இருக்கும் இடத்தை வேறெதுவும் பிடித்ததில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: இவ்விரண்டுக்கும் இன்று பெரிய தொல்லை அலட்சியக்காரர்களால் அல்ல, பெருமைப்படுகிறவர்களால்தான். பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமலேயே சொந்தம் கொண்டாடுவதற்கான வழியாகப் பெருமிதம் ஆகிவிட்டது.

முதலில் ஆட்டம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பாதி ஆறரை மீட்டர். அந்த ஆறரை மீட்டருக்குள் எதிரணியின் ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள், இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக உள்ளே நுழைகிறார். 30 வினாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிறது அவர் கடந்தாக வேண்டிய கோடு. அதைக் கடக்காமலும், ஆளைத் தொடாமலும் திரும்பினால் அவர் ஆட்டமிழப்பார். அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. அதை எடுக்க ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டித் தரையில் பட வேண்டும், அப்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும்.

இந்த விதியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். போனஸுக்கு ஆசைப்படுகிறவர் எதிரியின் வீட்டுக்குள் ஒற்றைக் காலில் நிற்கிறார். மூலையில் நிற்கும் 'கார்னர்' காத்திருப்பது இந்தக் கணத்துக்காகத்தான். அரை வினாடி முந்திப் பாய்ந்தால் தொடப்பட்டு வெளியேறுவார், பிந்தினால் கால் கைக்குக் கிடைக்காது. கணுக்காலை அவர் பிடித்ததும் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் மேலே வந்து மூட வேண்டும். தனி ஆள் வீரத்தால் இதைச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கை இறுக்கத்தை வைத்தே அவர் பாயப் போகிறார் என்று 'கவர்' அறிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சிய நிலையில் பிடித்தால் கூடுதல் புள்ளி. தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அதிக ஆசை காட்டும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு நாடகம் தெரிந்திருக்கிறது.

தஞ்சை மண்ணிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் இந்த வலது மூலையில் நின்றவர். 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாதில் இறுதியாட்டத்தில் ஈரானை 38-29 என்று வீழ்த்தி உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதிலும், தன்னைவிட இருபது வயது இளையவர்களின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் வேகம் போய்விடும். மிஞ்சுவது காலத்தைக் கணிக்கும் அறிவு மட்டும். அதைத்தான் அவர் ஆடினார். 'தமிழன் கண்ட ஆட்டம்' என்று மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்?

வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு வருகிறேன். வங்கத்தில் இது ஹடுடு, மராட்டியத்தில் ஹுதுது, நம்மிடம் சடுகுடு. ஈரானில் 'ஸூ' என்று மூச்சைப் பிடித்து ஆடும் பழைய ஆட்டம் ஒன்று உண்டு. இன்று நாம் பார்க்கும் விதிமுறைகளுக்கு அடிப்படை போட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியத்திலும் பரோடாவிலும் இயங்கிய உடற்பயிற்சிக் கழகத்தினர். வங்கதேசம் இதைத் தேசிய விளையாட்டாகவே வைத்திருக்கிறது. ஆளுக்கொரு வேர்ச்சொல் எல்லோரிடமும் இருக்கிறது. எதற்கும் ஆதாரம் இல்லை. இருந்தாலும் என்ன? பிறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் கணுக்காலைப் பிடித்ததில்லை.

இதற்கான பாடம் 2018இல் ஜகார்த்தாவில் கிடைத்தது. 1990 பெய்ஜிங் முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆடவர் தங்கம் முழுவதும் இந்தியாவுடையது. 'நம் ஆட்டம்' என்ற மிதப்பு அந்த ஏழு தங்கங்களின் மேல் படர்ந்திருந்தது. ஜகார்த்தாவில் முதலில் தென்கொரியா 24-23 என்று அடித்தது, பிறகு அரையிறுதியில் ஈரான். மகளிர் இறுதியாட்டத்திலும் ஈரான் 27-24 என்று வென்றது. அந்த ஈரான் மகளிரைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நம் அறிவு நமக்கு எதிரே போய் நின்று ஜெயித்தது. ஈரானின் ஃபாசல் அத்ராசலி இடது மூலையில் நிற்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. அவருக்கு இந்த ஆட்டம் எவருடைய பாரம்பரியமும் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டிய கலை. அதே ஆண்டு புரோ கபடி ஏலத்தில் ஒரு கோடி ரூபாய்க்குப் போனார். 2023இல் ஹாங்சோவில் இந்தியா இரண்டு தங்கங்களையும் மீட்டது, ஆடவர் இறுதியில் நடுவர் தீர்ப்பு பற்றிய நீண்ட தகராறுக்குப் பின், மகளிர் இறுதியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அவ்வளவு நெருக்கத்தில் வந்துவிட்டார்கள்.

உள்ளூரில் இந்தப் பெருமிதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தென்மாவட்டங்களில் திருவிழாக் கபடிக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும்: களத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் பதாகைகளில் யார் படம் இருக்கிறது, பனியன் எந்த நிறத்தில் இருக்கிறது, எந்தத் தெரு அணி எந்தத் தெரு அணியோடு ஆடாது. 'மண்ணின் விளையாட்டு' என்கிறவர்களின் மண் பல நேரங்களில் ஒரு தெருவின் நீளமே. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' எடுத்தார். படம் வந்த பிறகு அவரைக் கொண்டாடியவர்களில் பலருக்கு அதற்கு முன் அவர் பெயர் தெரியாது. அதே ஆண்டு பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா இருந்தார். நகரம் தன் ஏழைகளை அப்புறப்படுத்திக் கொட்டிய இடம் அது. எந்தப் பாளையத்தின் மரபும் அங்கே இல்லை. பயிற்சி இருந்தது.

இனி நாய்க்கு வருகிறேன்.

சாத்தூர், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டில் உருவான நாய் சிப்பிப்பாறை. ஊரின் பெயரே அதன் பெயர். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். நீண்டு குறுகிய தலை, ஆழ்ந்த மார்பு, உள்ளே ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு. முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் விலா எலும்பைப் பார்த்துவிட்டுச் சோறு போடுவதில்லையா என்று கேட்பார்கள். இந்த நாயை வளர்க்கும் எவருக்கும் பக்கத்து வீட்டாரிடமிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. கம்பங்கூழிலும் கேழ்வரகுக் கூழிலும் வளர்ந்த உடல் அது. கொழுக்க வைத்தால் அதன் அழகு போய்விடும்.

நிற்கும்போது அது அழகான நாய் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஓடும்போது பார்க்க வேண்டும். ஒரு பாய்ச்சலுக்குள் நான்கு கால்களும் இரண்டு முறை தரையை விட்டு எழும்பும்: உடல் சுருங்கிக் கால்கள் வயிற்றின் கீழ் கூடும்போது ஒருமுறை, முழுவதும் நீண்டு விரியும்போது ஒருமுறை. முதுகெலும்பு வில்லைப் போல் மடங்கி நிமிர்வதால்தான் இது முடிகிறது. முயல் நேராக ஓடாது, வெட்டித் திரும்பும். நாய் அந்த வேகத்திலேயே திரும்பியாக வேண்டும், நீண்ட வால் அப்போது துடுப்பாகிறது. பாடிப் போனவர் மூலையை ஏமாற்றி உடலை முறுக்கித் திரும்பும் கணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாயின் நினைவு வரும். இரண்டையும் நான் ஏன் ஒன்றாக விரும்புகிறேன் என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய தத்துவம் இல்லை.

இந்த உடலை உண்டாக்கியது வேலை. பெருமிதக்காரர்கள் சொல்லும் அரச வம்சத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. மானாவாரிக் காட்டில் நடந்து திரிந்த விவசாயியும் ஆட்டுக்காரரும் ஓடாத குட்டியை ஒதுக்கி, ஓடுகிற குட்டியை வைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வு அவ்வளவுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் நாய் வேலையை இழந்தது. வேலை போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று குட்டியைத் தேர்ந்தெடுப்பது நிறத்தை வைத்து, படத்தை வைத்து. 'பரியேறும் பெருமாள்' வந்த 2018க்குப் பிறகு 'கருப்பி மாதிரி ஒன்று கிடைக்குமா' என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எங்கே வளர்ப்பீர்கள் என்றால் இரண்டாம் மாடி, பால்கனி என்பார்கள். அந்தப் படம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதையும் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை.

சிப்பிப்பாறையாவது உடலோடு தப்பித்திருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு நேர்ந்ததுதான் கொடுமை. பாலைப் போன்ற வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. இதுதான் 'சுத்தமான ராஜபாளையம்' என்று சந்தை முடிவு செய்துவிட்டது. புள்ளி விழுந்த குட்டி, பழுப்பு நிறக் குட்டி எல்லாம் கலப்பு என்று கழிக்கப்பட்டன. நிறமி என்பது தோலுக்குப் பூசிய வண்ணம் மட்டும் அன்று. உட்காதில் ஒலியை உணரும் உறுப்பு உயிரோடிருக்க நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாத காதில் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. வெள்ளையை விரும்பி வளர்க்கப்பட்ட டால்மேஷியன் போன்ற இனங்களிலும் இதே கேடு உண்டு. ஆக நம் 'தூய்மை' வெறி செய்தது இது: காவலுக்குப் பெயர் பெற்ற நாயினத்தில் செவிட்டுக் குட்டிகளைப் பிறக்க வைத்தது. ராஜபாளையத்து நாய் ராஜுக்களோடு விஜயநகரத்துப் பக்கமிருந்து வந்தது என்ற வழக்கு வேறு இருக்கிறது. தமிழ்த் தூய்மை பேசுகிறவர்கள் அதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

'பெருமை பேசியதால்தானே இவை பிழைத்தன' என்பார்கள். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். தேவை கூடியது. எதற்கான தேவை என்பதே என் கேள்வி. ஓட இடமுள்ளவன் கேட்டால் அது தேவை. வாசலில் சங்கிலியில் கட்டி வைத்து வம்சம் பேசுகிறவன் கேட்டால், அடுத்த ஈற்றில் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தாவது குட்டி எடுத்துக் கொடுக்க ஒருவன் வருவான். சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு 1980களிலிருந்து இந்த இனங்களை வைத்துக் காப்பாற்றியது எந்த மேடைப் பேச்சும் இல்லாமல்தான். தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் எழுதியது பல்லாண்டுகள் நாய்களோடு வாழ்ந்து பார்த்துவிட்டு. அப்படிப் பார்த்தவர்கள் கூச்சலிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

எனக்குத் தோன்றும் காரியங்கள் சிறியவை. கபடியின் வேரைத் தேடுகிறவர்கள் அடுத்த கோடையில் ஏதாவது ஓர் ஊர்ப் போட்டியில் மண்ணில் உட்கார்ந்து, பாடிப் போகிறவரை விட்டுவிட்டு, ஒரு முழுப் பாதி மூலைக்காரரின் கால்களை மட்டும் பாருங்கள். சிப்பிப்பாறை வேண்டுமென்பவர்கள் முதலில் ஓடவிட இடம் தேடுங்கள். கயிற்றில் கட்டிய துணிப்பொட்டலத்தை இயந்திரத்தால் இழுத்து, வேட்டை நாய்களை அதன் பின்னால் ஓடவிடும் போட்டிகள் வெளிநாடுகளில் நடக்கின்றன. எந்த உயிருக்கும் கேடில்லை, நாய்க்கும் வேலை கிடைக்கிறது. கரிசலில் அதற்கு இடமா இல்லை? வெள்ளை ராஜபாளையம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், குட்டிக்கு ஐந்து வாரம் ஆன பிறகு, அது பார்க்காதபோது பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். திரும்பினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு காது மட்டும் செவிடான குட்டியும் திரும்பும், அதைக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். விற்கிறவர் வம்சாவளியைச் சொல்லத் தொடங்கினால், தாயையும் தகப்பனையும் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.