பாலைக்குச் செல்வோருக்கு ஒரு நிழற்கூரை

அமீரகத்தில் குளிர்காலம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் பாலைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. வண்டியின் பக்கவாட்டில் பொருத்தும் நிழற்கூரையை எதை வாங்கலாம் எனச் சகோதரர்கள் பலரும் கேட்கின்றனர். என் கருத்தில், அளவுக்கு முன் காற்றை எண்ண வேண்டும்.

விசிறிபோல் விரியும் 270 பாகைக் கூரை கண்ணைக் கவரும், விலையும் அப்படியே. அவற்றுள் பல 20 கிலோவைத் தாண்டுபவை. அந்த எடையோடு ரூஃப் ரேக்கின் எடையையும் கூட்டி, வண்டிக் கையேடு சொல்லும் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஐந்து பேருக்கு 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள, இழுத்து விரிக்கும் எளிய கூரையே போதும்.

சென்ற ஆண்டு பிற்பகலில் கடற்காற்று எழுந்தபோது எங்கள் கூரையின் முளைகள் பிடுங்கிக்கொண்டன. உம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி அதன் கால் விழுந்தது, அல்ஹம்துலில்லாஹ். கூரையோடு தரும் குட்டை முளைகள் கெட்டித் தரைக்கே உதவும். மணலில், பை நிறைய மணலை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள்.

குளிர்கால நண்பகலில் நிழல் வடக்கே சாயும். வலப்பக்கம் கூரை பொருத்தியவர்கள் வண்டியை மேற்கு நோக்கி நிறுத்தினால், வண்டியின் நிழலும் கூரையின் நிழலும் இணைந்துகொள்ளும். லுஹருக்கு அனைவரும் நிழலிலேயே நிற்கலாம். தெற்கே விரித்தால் நிழலின் பெரும்பகுதி வண்டியின் மீதே விழும்!

வாங்குமுன் கடையிலேயே விரித்து மடக்கிப் பாருங்கள். ஒருவர் தனியாக விரைந்து மடக்க இயலாத கூரையை நான் வாங்கமாட்டேன்.