ஷவர் பிராண்டை மாத்தப் போறீங்களா? முதல்ல சுவருக்குள்ள என்ன இருக்குனு பாருங்க!

எங்கள் பாட்டிக்கு 78 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு, குனிந்து வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு குளிக்க முடியாது. பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் ஹேண்ட் ஷவரைக் கொடுத்துவிட்டால் தானே குளித்துவிடுவார். "குளிக்கிறதுக்காவது யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கேனே, அது போதும்டி" என்பார்.

அதையும் 19 நாள்கள் கெடுத்தது வேறு யாருமல்ல, நான்தான். காரணம், ஒரு ஆன்லைன் ஆஃபர்.

விஷயம் இதுதான். தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு பாத்ரூமில், வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கு அனுப்பும் டைவர்ட்டர் சொட்ட ஆரம்பித்தது. கைப்பிடியை எவ்வளவு அழுத்தி மூடினாலும் சொட்டு நிற்கவில்லை. வீடு கட்டி 11 வருஷம் ஆகிறது. "பழசாயிடுச்சு, மாத்திடலாம்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வேறொரு பிராண்டில் பளபளவென்று இருந்த டைவர்ட்டர் செட் ஒன்றை ஆர்டர் போட்டேன். விலை 3,800 ரூபாய். பழைய பிராண்டைவிட கிட்டத்தட்ட பாதி விலை.

பிளம்பர் அண்ணன் வந்தார். பழைய கைப்பிடியையும் தட்டையும் கழற்றினார். புது பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இது வெறும் மேல்பார்ட். உள்ள இருக்கிறது வேற கம்பெனி பாடி. இது அதுல உட்காராது. சுவரை உடைச்சு உள்ள இருக்கிறதையும் மாத்தணும்."

பாத்ரூம் டைல்ஸை உடைப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சுவருக்கு வெளியே... சுவருக்கு உள்ளே

குளியலறைச் சாமான்கள் எல்லாவற்றையும் நாம் 'ஷவர்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால், அதில் இரண்டு வகை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச் சாமான். டைல்ஸுக்குப் பின்னால் புதைத்துவைத்த உள் சாமான். பிராண்டு மாற்றும்போது வரும் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த உள் சாமானால்தான்.

வெளிச் சாமான்களில் பெரும்பாலும் பயமில்லை. ஷவர் தலை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷவர் கை, ஹேண்ட் ஷவர், ஹெல்த் ஃபாசட் டியூப், ஆங்கிள் காக் எல்லாமே வழக்கமாக அரை இஞ்ச் மரையில்தான் வருகின்றன. ஒரு கம்பெனியின் ஷவர் தலையை இன்னொரு கம்பெனியின் கையில் தாராளமாக மாட்டலாம். டெஃப்லான் டேப்பை மரையின் திசையில் நன்றாகச் சுற்றி, அளவாக இறுக்கினால் போதும். ஆனால், பழைய ஜிஐ பைப் போட்ட வீடு என்றால் ஷவர் கையைத் திருகும்போது கவனம் தேவை. துருப்பிடித்த மரை உள்ளேயே முறிந்துகொண்டால், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

சுவருக்கு வெளியே குறுக்காக இருக்கும் வால் மிக்ஸரும் ஓரளவு எளிதுதான். வெந்நீர் லைனுக்கும் தண்ணீர் லைனுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான அளவு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மிக்ஸரோடு வரும் வளைந்த 'லெக்' சரிக்கட்டிவிடும். வாங்கும் முன் இரண்டு பைப்பின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே டேப் வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.

கன்சீல்டு டைவர்ட்டர் அப்படியில்லை. பித்தளை 'பாடி' சுவருக்குள் புதைந்திருக்கும். அதற்குள் கார்ட்ரிட்ஜ் உட்காரும். அதன் மேல்தான் கைப்பிடியும் தட்டும் வரும். பாடியில் இருக்கும் ஸ்க்ரூ துளைகள், கார்ட்ரிட்ஜின் அளவு, தண்டின் நீளம் என எல்லாமே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறுவதும் உண்டு. கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். மாட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கன்சீல்டு ஸ்டாப் காக்கும் இதே கதைதான். கைப்பிடி உட்காரும் தண்டில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். பற்களின் எண்ணிக்கை வேறாக இருந்தால், புதுக் கைப்பிடி வெறுமனே சுற்றும், தண்ணீர் நிற்காது.

'யுனிவர்சல்' என்று எழுதியிருந்தாலும் உஷார். ஹான்ஸ்குரோஹே கம்பெனியின் 'ஐபாக்ஸ் யுனிவர்சல்' என்ற உள்பாடி பிரபலமானது. அதன் மேல் விதவிதமான மாடல்களை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஆனால், அந்த மாடல்கள் எல்லாம் அதே குழுமத்தின் தயாரிப்புகளாக இருக்க வேண்டும். எல்லா கம்பெனிக்கும் பொருந்தும் என்பது அதன் அர்த்தமில்லை.

உண்மையிலேயே மாத்தணுமா?

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டைவர்ட்டர் சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் பாடியில் கோளாறு இருக்காது; கார்ட்ரிட்ஜ்தான் தேய்ந்திருக்கும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அதற்குள் படிந்து, செராமிக் தகடுகளைக் கீறிவிடும். அதே கம்பெனியின் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால், டைல்ஸில் ஒரு கீறல்கூட விழாமல் வேலை முடிந்துவிடும். இங்கே விற்பனையில் இருக்கும் பெரிய பிராண்டுகளுக்கு சர்வீஸ் பிரிவு இருக்கிறது. கழற்றிய கைப்பிடியையும் உள்பாகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால், எந்த ஸ்பேர் என்று சொல்லிவிடுவார்கள்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது. 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று விட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அடிப்பக்கத் துளைகளும் முளைகளும் உயரமும் ஒத்துப்போக வேண்டும்.

ஷவர் தலையில் தண்ணீர் சரியாக வரவில்லை என்பதற்காக பிராண்டு மாற்ற நினைக்கிறீர்களா? கழற்றி, வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். உப்போடு குரோம் பூச்சும் போய்விடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்...

மாடலே நிறுத்தப்பட்டு, ஸ்பேரும் கிடைக்காத வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. பிளம்பர் அண்ணன் மூன்று கடைகளில் அலைந்தும் கார்ட்ரிட்ஜ் கிடைக்கவில்லை. கடைசியில் சுவரை உடைத்தோம். நான்கு டைல்ஸ் போனது. அதே டிசைன் இப்போது வருவதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் வேறு நிற டைல்ஸ் இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வேலையெல்லாம் முடிந்த பிறகு பிளம்பர் அண்ணன் சொன்ன ஒரு யோசனையை உங்களுக்காவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷவர் சுவரின் பின்பக்கம் பெட்ரூமோ ஹாலோ இருந்து, சுவரும் நாலரை இஞ்ச் சுவராக இருந்தால், அந்தப் பக்கமாக உடைக்க முடியுமா என்று கேளுங்கள். டைல்ஸ் தப்பிக்கும். பூசி, பெயின்ட் அடித்தால் முடிந்தது. பாத்ரூம் பக்கம் இருக்கும் பழைய ஓட்டையை மறைக்கும் அளவுக்குப் புதுத் தட்டு பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைத்த பிறகு கவனிக்க வேண்டியவை இவை:

* பாடியும் மேல்பார்ட்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வரிசையா? இரண்டையும் தனித்தனிப் பெட்டியில்தான் விற்பார்கள். இரண்டின் கோடு நம்பரையும் கடைக்காரரிடம் சொல்லி உறுதி செய்துகொண்டு, ஒரே பில்லில் வாங்குங்கள்.

* பாடியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியில், டைல்ஸ் எதுவரை வரலாம் என்று குறித்திருப்பார்கள். பாடி அதற்கு மேல் உள்ளே போனால் கைப்பிடி எட்டாது. வெளியே வந்தால் தட்டு சுவரோடு ஒட்டாது.

* வெந்நீர் லைனுக்கு சிபிவிசி பைப்தான் போட வேண்டும். சாதாரண வெள்ளை பிவிசி சூட்டில் இளகிவிடும்.

* பூசுவதற்கு முன் லைனை அடைத்து, பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் அப்போதே தெரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால், மறுபடியும் உளிதான்.

தண்ணீர் அவ்வளவு வேகமா வருமா?

பிராண்டு மாற்றும்போது பலரும் ஆசைப்படுவது, தலைக்கு மேல் தட்டு மாதிரி இருக்கும் பெரிய மழை ஷவருக்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடி வீட்டில், தொட்டி 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் 0.3 பார்தான். ஷோரூமில் பம்ப் வைத்துக் கொட்டிக் காட்டிய மழை, நம் வீட்டில் தூறலாகிவிடும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அது எட்டவில்லை என்றால் சின்ன ஷவர் வாங்கலாம், அல்லது பிரஷர் பம்ப் பற்றி யோசிக்கலாம்.

இதை மட்டும் மறந்துடாதீங்க

புது டைவர்ட்டர் பொருத்திய அன்று, பாட்டிதான் முதலில் குளிக்கப் போனார். 11 வருஷப் பழக்கத்தில் கைப்பிடியை வலதுபக்கம் திருப்பியிருக்கிறார். வலது என்றால் பச்சைத் தண்ணீர் என்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். ஆனால், வந்தது வெந்நீர். உள்ளே லைன் மாறிப்போயிருக்கிறது. நல்லவேளை, ஹேண்ட் ஷவர் தரையைப் பார்த்தபடி இருந்ததால் கால் விரலில் மட்டும் பட்டு, "ஆ!" என்ற சத்தத்தோடு போனது. தலைக்கு மேல் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரால் சட்டென்று எழுந்து விலகவும் முடியாது.

பிளம்பர் அண்ணனை உடனே கூப்பிட்டோம். அந்த மாடலில் கார்ட்ரிட்ஜை அரைச்சுற்று திருப்பிப் பொருத்த வழி இருந்ததால், பத்து நிமிஷத்தில் சரியானது. எல்லா மாடலிலும் அப்படி முடியாது. அதனால், பூசும் முன்பே எது வெந்நீர், எது தண்ணீர் என்று திறந்து பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் குளிக்கும் முன்பு, நீங்கள் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அதேபோல, கார்ட்ரிட்ஜைக் கழற்றும் முன் கீசர் ஸ்விட்சை அணைத்து, ஆற விட்டு, தொட்டியின் கேட் வால்வை மூடிவிட வேண்டும். வேலை முடிந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே கீசரைத் திரும்பப் போட வேண்டும். உள்ளே தண்ணீர் இல்லாமல் கீசர் ஓடினால் ஹீட்டர் காயில் போய்விடும்.

இப்போது என் போனில் 'வீடு' என்று ஒரு ஆல்பம் வைத்திருக்கிறேன். உடைத்த சுவரின் போட்டோ, உள்ளே பைப் போகும் பாதை, பாடியின் கோடு நம்பர், பில் எல்லாம் அதில் இருக்கின்றன. மிச்சம் இருந்த டைல்ஸ் இரண்டு பரண்மேல் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டும் முந்தைய நாள் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பத்து வருஷம் கழித்து அந்த ஐந்து போட்டோக்கள்தான் உங்கள் டைல்ஸைக் காப்பாற்றும்.

19 நாளும் அம்மாதான் பாட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார். பாட்டி ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை. இருபதாவது நாள், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"ஏன்டி, இந்தப் புதுசு கெட்டுப்போனா அதே கம்பெனில வாங்குவியா, இல்ல மறுபடியும் ஆஃபர் பார்ப்பியா?"