ஒப்பாரியும் ஒரு பாட்டே



நமது வாலிபர் ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் செம்பூர்த் தம்பி ஒருவன், சென்ற மாதம் கூட்டம் முடிந்தபின் என்னிடத்தில் வந்து, "பாஸ்டரையா, ப்ளூஸ் இசையில் கர்த்தரைப் பாடலாமா?" என்று கேட்டான். வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கிரேக்கு கற்றுக்கொடுத்தார்கள், ப்ளூஸ் கற்றுக்கொடுக்கவில்லை. அது என்ன என்றேன். கைபேசியில் ஒரு பழைய இசைத்தட்டுப் பதிவைக் கேட்கச் செய்தான்.

பாடியவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ப்ளைண்ட் வில்லி ஜான்சன் என்னும் பார்வையற்ற கறுப்பின மனிதர். 1927-ல் டல்லாஸ் நகரில் பதிவானது. நம் ஆண்டவர் கெத்செமனேயில் வியாகுலப்பட்ட இரவைக் குறித்த பழைய ஞானப்பாட்டு ஒன்றின் பெயரே அதற்கும் பெயர். ஆனால் அதில் சொல் ஒன்றாகிலும் இல்லை. கிட்டார் அழ, அவரும் கூடவே முனகுகிறார், அவ்வளவுதான். 1977-ல் விண்வெளிக்குச் சென்ற வாயேஜர் கலங்களில் பூமியின் ஓசைகளோடு அந்த முனகலும் அனுப்பப்பட்டது.

எனக்கோ அதில் வேறொரு குரல் கேட்டது. 2003-ம் ஆண்டு. தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒரு தாய், இரயிலில் அடிபட்ட மகனை முன்னே கிடத்தி ஒப்பாரி வைத்தாள். அவன் பிறந்ததும், நடை பழகியதும், முதற்சம்பளத்தில் சேலை வாங்கி வந்ததும் ராகமாய் வந்தன. சுற்றியிருந்த பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து இழுத்தார்கள். நான் ஊழியத்திற்குப் புதியவன். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துச் சொல்லி, "அம்மா, இது உலகத்தாரின் வழக்கம், நிறுத்துங்கள்" என்று சொல்லி, துரிதமான துதிப்பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டாள். அதற்குப்பின் அவள் சபையில் பாடி நான் கேட்டதில்லை. கைதட்டுவாள், வாய் அசையாது.

ப்ளூஸ் என்பதும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். அடிமைகளாய்ப் பருத்திக்காட்டில் உழைத்தவர்களின் சந்ததியார், தங்கள் துயரத்தைச் சுருதியைச் சற்றே வளைத்து இழுத்துப் பாடியதிலிருந்து பிறந்தது. மதுக்கடையிலும் ஒலித்தபடியால் அது பிசாசின் பாட்டு என்று அநேக சபைகள் ஒதுக்கின. கதவைத் திறந்தவர்களுக்குள் பெந்தெகொஸ்தேயாரும் உண்டு. கிறிஸ்துவுக்குள் தேவசபை என்னும் கறுப்பினச் சபையைச் சேர்ந்த அரிசோனா டிரேன்ஸ் என்ற பார்வையற்ற சகோதரி, 1926-லேயே மதுக்கூடத்துப் பியானோ நடையில் ஆண்டவரைப் பாடி இசைத்தட்டாக்கினார்.

தாமஸ் டார்சியின் சரித்திரத்தையும் கேளுங்கள். பாப்டிஸ்ட் போதகரின் மகன். 1928-ல் அவர் டாம்பா ரெட் என்பவரோடு பதிவுசெய்த இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்று ஏராளமாய் விற்றது. பிற்பாடு சுவிசேஷப் பாட்டுகளுக்குத் திரும்பினார். ஆனால் பழைய கைவாடை போகவில்லை என்று சிகாகோவின் போதகர் பலர் அவரை உள்ளே விடவில்லை. 1932-ல் அவர் வெளியூரில் பாடப் போயிருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் மரித்தார். பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில், என் கையைப் பிடித்து நடத்தும் என்று ஆண்டவரைக் கெஞ்சும் பாட்டை எழுதினார். ராகம் பழைய ஞானப்பாட்டினுடையது, அழுகை ப்ளூஸினுடையது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் அடக்கத்தில் மகேலியா ஜாக்சன் பாடியது அதுவே.

நம் மண்ணிலும் இந்த வழக்கு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக ராகங்களில் பாடினார். அதை இன்று யாரும் குறைசொல்வதில்லை. ஆனால் மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா (1940-2005) நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது பலருக்கு முகம் சுளித்தது. அரண்மனை ராகம் பரிசுத்தமாம், சேரித் தாளம் தீட்டாம்! அது வேதத்தின் தீர்ப்பல்ல, சாதியின் தீர்ப்பு. கீபோர்டுப் பெட்டிக்குள் அடைத்து விற்கும் சினிமாத் தாளத்தை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

பவுலின் வார்த்தையை நான் தவறாகவே பிரயோகித்தேன். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. எரேமியா 9-ம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்லுகிறவர் கர்த்தரே. லாசருவைச் சற்றுநேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், ஆண்டவர் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர்விட்டார்.

ஆகவே தம்பியிடம், பாடலாம் என்றேன். இரட்டை அர்த்தத்தை வெளியே விட்டுவிடு, அழுகையை உள்ளே கொண்டுவா என்றும் சொன்னேன்.

சென்ற வாரம் அவனையும் அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். 2003-ல் நான் செய்தது பிழை என்று சொன்னேன். "அதுக்கென்ன பாஸ்டரையா, காப்பி குடிங்க" என்றாள். அந்த ராகம் நினைவிருக்கிறதா என்று கேட்டதற்கு, "பெத்தவளுக்கு மறக்குமா?" என்று சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டு அடி இழுத்தாள்.

தம்பி அதைக் கீபோர்டில் பிடிக்கப் பார்க்கிறான். வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவிலே எங்கேயோ நிற்கிறது பாஸ்டரையா, இன்னும் அகப்படவில்லை என்கிறான்.