மூன்றில் இரண்டு

வாய்க்கு 32 பல் என்பது பட்ஜெட் மதிப்பீடு மாதிரி. ஒன்றிரண்டு வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே படுத்துவிடுவது உண்டு. பாதகமில்லை, பெரும்பாலும் சாதுவாகத்தான் கிடக்கும். சில மட்டும் தன்னைச் சுற்றி ஒரு கட்டியை எழுப்பிக்கொள்ளும்.

என் அக்கா பெண்ணுக்கு 15 வயசு. மூக்கோரம், மேல் உதட்டுக்கு மேலே சின்ன வீக்கம். வலி இல்லை. "சூட்டுக் கொப்புளம்" என்றாள் அக்கா. "எதையாவது கடிச்சிருப்பா" என்றார் அத்தான். மூன்று மாதம் போயிற்று. வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பார்கள். வலிக்காத வீக்கம் நம் வீடுகளில் வாய்தா வாங்கிக்கொண்டே போகும்.

பல் டாக்டர் முதலில் எண்ணினார். இடது மேல் கோரைப்பல்லைக் காணோம். 11, 12 வயதில் முளைத்திருக்க வேண்டிய ஆசாமி. அவன் இடத்தில் பால் பல் இன்னும் காலி செய்யாத வாடகைதாரராக உட்கார்ந்திருந்தது. முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக ஒரு வட்டம். அதற்குள் தொட்டில் குழந்தை மாதிரி அந்தப் பல்.

"நீர்க்கட்டியா டாக்டர்?"

"நீர்க்கட்டின்னா பல்லோட கழுத்துகிட்ட நின்னுடும். இது வேர் வரைக்கும் இறங்கியிருக்கு. உள்ளே பொடிப்பொடியா வெள்ளை தெரியுது பாருங்க, சுண்ணாம்புச் சத்து. டியூமரா இருக்கலாம்."

அந்த வார்த்தைக்கு அப்புறம் அக்கா எதையும் கேட்கவில்லை. அத்தான் கேட்டது ஒன்றுதான், "கான்சரா?"

டாக்டர் சந்தேகப்பட்டதன் பெயர் அடினோமட்டாய்ட் ஓடன்டோஜெனிக் டியூமர். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டி வளர்ந்துவிடும்.) கான்சர் இல்லை. அபூர்வம். பல் சம்பந்தமான கட்டிகளில் நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது. இதற்கு 'மூன்றில் இரண்டு கட்டி' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. உத்தேசமாக மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கு. மூன்றில் இரண்டு மேல் தாடையில். மூன்றில் இரண்டு முளைக்காத பல்லோடு. அந்தப் பல்லும் மூன்றில் இரண்டு தடவை கோரைப்பல். பி.காமில் மூன்று வருஷம் படித்த புள்ளியியலில் இவ்வளவு சுலபமாக மனசில் நின்றது எதுவுமில்லை.

ஆனால் மிச்ச மூன்றில் ஒன்று என்று ஒன்று இருக்கிறதே. அமிலோபிளாஸ்டோமா என்று ஒரு பங்காளி. அதுவும் முளைக்காத பல்லோடு உறவாடும், பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கம். எலும்பைத் தின்னும். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்பி வரும். சமயத்தில் தாடையில் ஒரு துண்டையே வெட்ட வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சின்னத் துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் அக்கா வீட்டில் டி.வி. ஓடவில்லை.

மைக்ராஸ்கோப்பில் செல்கள் குழாயைக் குறுக்கே நறுக்கின மாதிரி வட்டம் வட்டமாக இருந்தனவாம். முதலில் சந்தேகப்பட்டதேதான். கெட்டியான உறைக்குள் இருப்பதால் நுங்கு மாதிரி முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். திரும்ப வருவது மிக அபூர்வம். பள்ளத்தை எலும்பு மெல்ல நிரப்பிக்கொள்ளும்.

கோரைப்பல்லும் கூடவே போயிற்று. வாயில் பஞ்சோடு எங்கள் பெண் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பல்லை நான் வச்சுக்கலாமா?"

"லேபுக்குப் போயிடுச்சேம்மா" என்றார் டாக்டர்.