மண்டபம் கேம்ப் முதல் நம்ம மெஸ் வாசல் வரை

2025 நவம்பர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, ஷெல்டருக்குக் கொண்டுபோக வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. வளாகத்துக்கு ஒழுங்கான வேலி வேண்டும். பொறுப்பு அதிகாரி ஒருவரை நியமித்து அவர் விவரத்தை வாசலில் எழுதி வைக்க வேண்டும்.

அதற்கப்புறம் நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம், "எல்லாத்தையும் தூக்குங்க, நைட் லைப்ரரியில இருந்து வர பயமா இருக்கு." இன்னொரு பக்கம், "பிரவுனி யாரையாவது கடிச்சிருக்கா? பிஸ்கட் போட்டா வாலாட்டிட்டுப் போகுது." ரெண்டு பக்கமும் சேர்த்து முந்நூறு மெசேஜ் இருக்கும். அதில் ஒருத்தர்கூட, "பிரவுனிக்கு ஊசி போட்டிருக்கா, போட்டிருந்தா எப்போ?"ன்னு கேட்கவில்லை. "பிரவுனி எங்கே சாப்பிடுது?"ன்னும் கேட்கவில்லை.

என் கருத்து அந்த ரெண்டு கேள்வியில்தான் இருக்கு. மிருகம் மூலமா பரவும் நோய்க்கு விதி போடும்போது, அந்த மிருகம் எங்கே வாழுது, என்ன சாப்பிடுதுங்கிற இடத்தில் விதி போய் உட்காரணும். அதை விட்டுட்டு, நமக்குக் கைக்கு எட்டுற இடத்தில் விதியைப் போட்டா நோய் அதுபாட்டுக்குச் சுத்திக்கிட்டுப் போயிடும். நம்ம ராமநாதபுரம் கடற்கரை இதை ஏற்கனவே ஒரு முறை பார்த்திருக்கு.

ராமேஸ்வரம் ரயிலில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மண்டபம் என்று ஒரு ஸ்டேஷன், அதற்குப் பக்கத்திலேயே மண்டபம் கேம்ப் என்று இன்னொரு ஸ்டேஷன். என்ன கேம்ப்? இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் என்று பலர் சொல்வார்கள். அது இப்போது உண்மைதான். ஆனால் பெயர் அதைவிடப் பழையது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். அதே 1914-இல் கொழும்பில் பிளேக் வந்தது. அதற்கு அடுத்த சில வருடங்களில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமாக மண்டபம் கேம்ப் உருவானது. கப்பல் ஏறுவதற்கு முன் தொழிலாளர்களை அங்கே பல நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். குளிக்க வைத்து, துணிகளை நீராவியில் சுத்தம் செய்து, அம்மைத் தடுப்பூசி போட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, அதற்கப்புறம்தான் கப்பல்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பிளேக் எலித் தெள்ளுப்பூச்சி மூலம் பரவுது என்பதை பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்தியாவில் வேலை செய்தபோதே, 1898-இல் எழுதிவிட்டார். அதாவது கேம்ப் வருவதற்கு முன்பே எலிதான் காரணம்னு தெரியும். கொழும்பு மாநகராட்சியில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லா எலித் தெள்ளும் ஒன்றல்ல என்று காட்டினார். கொழும்பில் சாதாரணமாக இருந்த தெள்ளு பிளேக்கைச் சரியாகப் பரப்பாத வகை. நன்றாகப் பரப்பும் வகை தானியக் கிடங்குகளைச் சுற்றித்தான் இருந்தது. சரக்கோடு சேர்ந்து வந்தது.

யோசித்துப் பாருங்கள். மூட்டையில் எலியும் தெள்ளும் பயணம் செய்யுது. நிறுத்தி வைத்து குளிப்பாட்டினது மனுஷனை. நியாயமா சொல்லணும்னா அந்த கேம்ப் முழுக்க வீண் இல்லை. காலராவும் அம்மையும் மனுஷன் மூலமாகப் பரவுபவை, அவற்றுக்கு அது பயன்பட்டிருக்கும். ஆனால் பிளேக்குக்கு எலியையும் கிடங்கையும் பார்க்கிற வேலைதான் முக்கியம். அது கஷ்டமான வேலை, வியாபாரிகளோடு மோத வேண்டிய வேலை. கங்காணி கூட்டிக்கொண்டு வந்த ஏழையை வரிசையில் நிற்க வைப்பது சுலபம். (அந்த கேம்ப் இடத்துக்குத்தான் 1949-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் வந்தது, 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது. இது வேற கதை.)

எதிர் உதாரணமும் இதே கரையில் உண்டு. பாம்பனைத் தாண்டினால் ராமேஸ்வரம் தீவு. 1980-களில் அங்கே மலேரியா விடாமல் இருந்தது. புதுச்சேரியில் உள்ள வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டரைச் சேர்ந்த பி.கே.ராஜகோபாலனும் அவர் குழுவும் தீவிலேயே ஆய்வு செய்தார்கள். மருந்து அடிக்கிற லாரியை அனுப்பிவிட்டு அவர்கள் நிற்கவில்லை. கொசு எங்கே முட்டையிடுதுன்னு தேடினார்கள். சவுக்கு, தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் தோண்டி வைத்த குழிகள் இருக்கே, அதில் ஊறி நிற்கும் நல்ல தண்ணீரில் மலேரியா கொசு வளர்ந்தது. அதோடு, மீன்பிடிக்க ஊர் ஊராகப் போய் வரும் மக்களோடு நோய் எப்படித் தீவுக்குள் திரும்பத் திரும்ப வருதுன்னும் 1986-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். "கொசுவை ஒழிப்போம்"னு சுவரில் எழுதுறதுக்கும், "இந்தத் தோப்பில் இந்தக் குழி"ன்னு கண்டுபிடிக்கிறதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. ரெண்டாவதை வைத்துத்தான் ஒரு பஞ்சாயத்து வேலை செய்ய முடியும்.

சரி, இப்போ நாய்க்கு வருவோம்.

2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி சுமார் 4.8 லட்சம். ரேபிஸ் மரணம் 43. அதற்கு முந்தைய வருடம் 18. அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸில் இருந்து பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனால் கடித்த உடனே செய்ய வேண்டியதைச் செய்தால் கிட்டத்தட்ட யாரும் சாக வேண்டியதில்லை. இப்படி ரெண்டு முனையும் இவ்வளவு தெளிவாக இருக்கிற நோய் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் 43 என்ற எண் கோபம் வர வைக்குது.

மனுஷனுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம்தான். நாய்க்குள் வைரஸ் சுற்றுவதை நிறுத்த, ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஏன் 70? நம்ம ஆட்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேபிஸ் வந்த ஒரு நாய் சராசரியாக ஒன்றில் இருந்து இரண்டு நாய்களுக்குள்தான் நோயைக் கொடுக்குது. 1.5 என்று வைத்தால், 1 – 1/1.5. மூன்றில் ஒரு பங்கு நாய்க்கு ஊசி போட்டாலே போதும். 2 என்று வைத்தாலும் பாதி போதும். அப்புறம் எதுக்கு 70? தெருநாய் சீக்கிரம் சாகும், குட்டி நிறையப் போடும். இன்றைக்கு 70 சதவீதம் போட்டால், அடுத்த வருடம் அது தானாகவே குறைந்திருக்கும். அடுத்த சுற்று ஊசி வரும்வரை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்கத்தான் இந்த மார்ஜின். நம்ம டிசைன் வகுப்பில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று படித்தோமே, அதேதான்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த உத்தரவைத் திரும்பப் படியுங்கள். ஒரு பேச்சுக்கு, நம்ம கேம்பஸில் இருபது நாய், அதில் பதினைந்துக்கு ஊசி போட்டாச்சு என்று வைப்போம். இருபதையும் ஷெல்டருக்கு ஏற்றியாச்சு. மெஸ் பின்னாடி சோறு அப்படியே கொட்டிக்கிட்டு இருக்கு. வேலியில் ரெண்டு ஓட்டை. கொஞ்ச நாளில் வெளியில் இருந்து புது நாய்கள் வரும். அதில் எதற்கும் ஊசி கிடையாது. ஆபத்தைக் குறைக்கப் போட்ட விதி, 75 சதவீதத்தை பூஜ்ஜியம் ஆக்கிவிடும். உத்தரவு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வார்டிலும் சின்னப் பிள்ளைகள் பள்ளியிலும் நாய் இருக்கக் கூடாதுதான். பயமா இருக்குன்னு சொன்ன ஜூனியருக்கு, "அது ஒண்ணும் பண்ணாது"ன்னு பதில் சொல்றது அநியாயம். ரேபிஸ் இல்லாத கடியும் கடிதான். ஆனால் உத்தரவில் வேலி, அதிகாரி, நாய் எல்லாம் சேர்ந்துதான் இருக்கு. அதில் நாயைத் தூக்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அது இன்னொரு மண்டபம் கேம்ப்.

2023-இல் மத்திய அரசு கொண்டு வந்த ஏபிசி விதிகளிலும், அதாவது நாய்க் கருத்தடை விதிகளிலும், ஒரு பிரச்சனை. பொறுப்பு உள்ளாட்சிக்கு. நாயைப் பிடித்து, அறுவை சிகிச்சை செய்து, கூடவே ஊசி போட்டு, அதே இடத்தில் விட வேண்டும். நல்லதுதான். ஆனால் கருத்தடை ஒரு முறை, ரேபிஸ் ஊசி வருடா வருடம். ஒரு நாய்க்கு அறுவை சிகிச்சை செய்ய டாக்டர், தியேட்டர், கூண்டு, சில நாள் பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஊசிக்கு வலையும் ஐஸ் பெட்டியும் ஒரு குழுவும் போதும். முதல் வேலை முடியட்டும்னு காத்திருந்து ரெண்டாவது வேலை தள்ளிப்போகக் கூடாது. கோவாவில் இதைப் பிரித்துச் செய்தார்கள். குழுக்கள் தெருத் தெருவாகப் போய், கை வலையால் பிடித்து, ஊசி போட்டு, அங்கேயே விட்டு, போனில் உள்ள ஆப்பில் இடத்தைப் பதிவு செய்தன. வருடா வருடம். 2021 ஜூனில், அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் மனிதருக்கு ரேபிஸ் ஒன்றுகூட வரவில்லை என்று அந்த மாநில அரசு அறிவித்தது. அந்த மாதிரி ஒரு ஆப்பை நம்ம டிபார்ட்மெண்டில் மினி ப்ராஜெக்டாகவே செய்துவிடலாம். (தயவுசெய்து இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் வேண்டாம்.)

நம்ம கரைக்கு என்று தனியாக ஒரு விஷயம் இருக்கு. இங்கே நாய்க்குச் சாப்பாடு கடலில் இருந்து வருது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று எந்த மீன் இறங்குதளத்துக்குப் போனாலும், கருவாடு காயும் மணலில் நின்றாலும், கூடவே நாய்க் கூட்டம் இருக்கும். கழிவு மீன், தலை, குடல், சிந்தின சூடை. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். அந்த ரெண்டு மாதம் அந்த நாய்கள் என்ன சாப்பிடும், எந்தத் தெருவுக்குள் போகும்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்காங்களா? நம்ம செமஸ்டர் லீவும் ஏறக்குறைய அதே நேரம்தான். மெஸ் மூடிடும். பிஸ்கட் போடுற ஆட்கள் எல்லாம் மதுரைக்கும் சிவகாசிக்கும் போயிடுவோம். பிரவுனி எங்கே போகும்?

டெல்லியில் உட்கார்ந்து எழுதும் விதிக்கு 61 நாள் தடைக்காலம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதைத் தெரிந்து நாள் குறிக்கத்தான் நகராட்சியும் பஞ்சாயத்தும் இருக்கு. பிப்ரவரி, மார்ச்சில், நாய்கள் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைக்கும்போதே இறங்குதளங்களிலும் கேம்பஸிலும் ஊசிச் சுற்றை முடிக்கலாம். ஏப்ரலுக்கு அப்புறம் அவை சிதறினபின் வலையோடு தெருத்தெருவாகத் துரத்தணும்.

இடையில் உங்களுக்கான வேலையும் ஒன்று. கடித்தாலும் கீறினாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசா 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். நம்ம ஆட்கள் விடுவது 28-ஆம் நாள் ஊசியை. அது பெரும்பாலும் எக்ஸாமிலோ லீவிலோ வந்து விழும். ஊருக்குப் போனால் அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அதே சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

நம்ம வாசலில் பொறுப்பு அதிகாரி பெயர்ப் பலகை வரும்போது, குரூப்பில் சண்டை போடுவதற்குப் பதிலாக அவரிடம் நாலு கேள்வி எழுதிக் கொடுப்போம். கேம்பஸில் எத்தனை நாய், அதில் எத்தனைக்கு இந்த வருடம் ஊசி? கொண்டுபோகும் ஷெல்டர் எந்த ஊரில், அதில் எத்தனை நாய்க்கு இடம்? மெஸ் கழிவை மூடின தொட்டியில் போட்டு தினமும் எடுப்பது யார் வேலை? ஏப்ரல் 15-க்கு முன்னால் ஊசிக் குழு ஒரு நாள் உள்ளே வர முடியுமா? வலை பிடிக்க வாலண்டியர் வேண்டுமென்றால் என்எஸ்எஸ்-இல் இப்போதே பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் முன்கூட்டியே போடும் தடுப்பூசி வேண்டும், அதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்திருக்கிறோம்.