ஏழு நாள் டெபாசிட்டும் ஒரு ராக் பேண்டும்

பேங்க் ஆபீசருக்கும் ராக் மியூசிக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணும் இல்லைங்க. நான் பி.காம். படிச்ச கோவில்பட்டிக்காரன். எனக்குத் தெரிஞ்ச கிடார் எல்லாம் இளையராஜா பாட்டுல வர்றதுதான். ஆனா போன மாசம் எங்க வீட்டுல ஒரு ராக் பேண்ட் செத்துப் போச்சு. அதனாலதான் இதை எழுதறேன்.

நாங்க இருக்கறது அத்திபெலேல. செக்போஸ்ட்டைத் தாண்டினா தமிழ்நாடு, இந்தப் பக்கம் கர்நாடகா. பையன் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். அவனும் மூணு பசங்களும் சேர்ந்து ஒரு ஹார்ட் ராக் பேண்ட் ஆரம்பிச்சாங்க. கிடாரை ஒழுங்கா ஒலிக்க விடாம உறும வைக்கணும், டிரம்ஸை அடிக்கற அடியில பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாக்கணும், அதுதான் ஹார்ட் ராக்னு எனக்குப் புரிஞ்சது :-) எட்டு மாசம் ஒரு கார் ஷெட்டுல பிராக்டீஸ். மொத்தம் மூணே நிகழ்ச்சி. அதுல ஒண்ணு எங்க அபார்ட்மெண்ட் புத்தாண்டு விழா. ரெண்டாவது பாட்டுலயே சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டாங்க.

அப்புறம் டிரம்ஸ் பையனோட அப்பாவுக்கு டிரான்ஸ்பர். பாடற பையனுக்கு புனேல வேலை. பேண்ட் முடிஞ்சது. அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை: "அப்பாடா, இனிமேலாவது அரியரை முடி." பையன் பதில் பேசலை. சாப்பிடவும் இல்லை. தங்கமணி என்னைப் பாத்த பார்வையில, ஏதோ தப்பாப் பேசிட்டோம்னு மட்டும் புரிஞ்சது.

எட்டு மாசம் வீணாப் போச்சுன்னுதான் நான் நினைச்சேன். அது சரியான கணக்கான்னு இப்ப சந்தேகமா இருக்கு.

1980களோட மெட்ராஸை எடுத்துக்கோங்க. அப்பாவை ஒன்பது வயசுல இழந்துட்டு, வீட்டுக்காக சினிமா ரெக்கார்டிங்ல கீபோர்டு வாசிச்சுக்கிட்டிருந்த ஒரு பையன். ரூட்ஸ்னு ஒரு குழுவுலயும் வாசிச்சார். கூட இருந்தவங்க டிரம்ஸ் சிவமணி, கிடார் ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. நெமிசிஸ் அவென்யூன்னு ஒரு ராக் குழுவை அவரே தொடங்கினார். ஆமாங்க, ஏ.ஆர்.ரஹ்மான்தான். 1992ல ரோஜா வந்தப்ப நான் ஏழாவது படிச்சேன். அந்தக் கேசட் எங்க தெருவுல தேயற வரைக்கும் ஓடிச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ராக் பேண்ட் இருந்துச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது.

அந்தக் குழுக்கள் நிலைக்கலை. ஆனா அதுல இருந்த மனுஷங்க நிலைச்சாங்க. 1993ல ஜென்டில்மேன் படத்துல 'சிக்குபுக்கு ரயிலே' பாடினது யாரு? அதே சுரேஷ் பீட்டர்ஸ். 1994ல காதலன் படத்து 'பேட்டை ராப்'லயும் அவர் குரல்தான். அப்புறம் பஞ்சாபி ஹவுஸ், தெங்காசிப்பட்டணம்னு மலையாளப் படங்களுக்கு அவரே இசையமைப்பாளர் ஆனார். சிவமணியும் ரஹ்மானும் சேர்ந்து வாசிக்கறதை இன்னைக்கும் மேடையில பாக்கறோம். பேண்ட் கலைஞ்சது, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக் கேட்டுப் பழகின காது கலையலை.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூணு பேரும் 1966ல லண்டன்ல கிரீம்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. புரூசுக்கும் பேக்கருக்கும் ஒத்தே வராது. 1968 நவம்பர்ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல கடைசிக் கச்சேரி. ரெண்டரை வருஷம் கூட முழுசா இல்லை. ஆனா ஹார்ட் ராக்குக்கு அஸ்திவாரம் போட்டவங்க பட்டியல்ல அவங்க பேர் இல்லாம இருக்காது. 2005ல அதே மூணு பேரும் அதே அரங்குல திரும்ப வாசிச்சாங்க.

"உங்க பையன் ரஹ்மானா?"ன்னு நீங்க கேக்கலாம். இல்லைங்க. ஆயிரத்துல ஒருத்தர்தான் அப்படி வருவார். பையன் ஆடிட்டராவோ இன்ஜினீயராவோ போனா எனக்கு நிம்மதிதான். நான் சொல்ல வர்றது வேற.

எனக்கு கோவில்பட்டில தெரு இருந்தது, திருவிழா இருந்தது, சண்டை போட்டுட்டு மறுநாளே கூட சேர்ற பசங்க இருந்தாங்க. பிழைப்புக்கு இங்க வந்த நாம, நம்ம பசங்களுக்கு வீடு வாங்கிக் குடுத்தோம், ஸ்கூல் பாத்துக் குடுத்தோம். ஊரைக் குடுக்க முடியலை. அந்த பேண்டுல ஒருத்தன் மலையாளம், ஒருத்தன் கன்னடம், ஒருத்தன் பீகார், எங்க வீட்டுப் பையன் தமிழ். "தமிழ்ல பாடினா என்னடா?"ன்னு நான் கிண்டல் பண்ணியிருக்கேன். நாலு பேருக்கும் பொதுவா இருந்தது இங்கிலீஷும் அந்த இரைச்சலும்தான்னு இப்பதான் உறைக்குது. அந்த கார் ஷெட்தான் அவனோட ஊர். ஊர் போனவன்கிட்ட போய் "அப்பாடா"ன்னு சொல்லியிருக்கேன்.

பேங்க்ல ஏழு நாளுக்குக் கூட டெபாசிட் போடலாம். எட்டாவது நாள் கணக்கை முடிச்சுட்டுப் போறவரை நாங்க யாரும் நஷ்டப்பட்டவர்னு சொல்றதில்லை. முடிஞ்சது வேற, மூழ்கினது வேற. இருபது வருஷமா கவுண்டர்ல இதைப் பாத்த எனக்கு வீட்டுல மட்டும் தெரியாமப் போச்சு.

பசங்க ஆரம்பிக்கற பேண்டோ, டீமோ, எதுவோ... கலைஞ்சு போனா, அதுல என்ன சம்பாதிச்சேன்னு கேக்காதீங்க. யார் யார்கிட்ட இன்னும் பேசறேன்னு கேளுங்க. ரெண்டு நாள் சோகமா இருந்தா இருக்க விடுங்க. அரியர் எங்கயும் ஓடிப் போகாது.

கிடாரை விக்கறேன்னு பையன் சொன்னான். வேண்டாம்டா, இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன். தீபாவளிக்கு அந்த மூணு பேரையும் வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். சத்தம் போட்டா அசோசியேஷன்காரங்ககிட்ட இந்த தடவை நான் பேசிக்கறேன்.